ரென்பையில் காதல் கதை: பரிசால் மட்டும் வெல்ல விடாதீர்கள்

ரென்பை என்பது வாசகரின் தெரிவுகளால் நகரும் கதை விளையாட்டுகளைச் செய்யும் மென்பொருள். அதில் காதல் கதை எழுதும் முன், 2016இல் வந்த பண்ணை விளையாட்டான ஸ்டார்டியூ வேலியின் கணக்கைப் பாருங்கள். நெருக்கத்தைக் காட்டும் ஒரு இதயம் 250 புள்ளி. மிகப் பிடித்த பரிசு 80 புள்ளி, ஒருவருக்கு வாரத்தில் பொதுவாக இரண்டு பரிசுதான். 8 இதயத்தில் காதலைச் சொல்லும் பூங்கொத்து, 10இல் திருமணம். அந்த வார வரம்புதான் உயிர்நாடி. அதை எடுத்தால் பரிசு கொடுத்தே சீக்கிரமாய்க் காதலை வாங்கிவிடலாம்.

உங்கள் கதையில் அன்பு, நம்பிக்கை என புள்ளி எண்ணும் இரண்டு மாறிகள் வையுங்கள். உதாரணமாய், கொழும்பு காலிமுகத்திடலில் நாயகிக்கு இறால் வடை வாங்கிக் கொடுத்தால் அன்பு 1 கூடட்டும். வெள்ளவத்தை பஸ் ஹோல்ட்டில், போன கிழமை அவள் சொன்ன இன்டர்வியூவை மறக்காமல் "எப்பிடிப் போனது?" என்று கேட்டால் மட்டும் நம்பிக்கை 2. கடைசிக் காட்சி இரண்டையும் சோதிக்க வேண்டும். அவள் "இல்லை" என்று சொல்லும் பாதையையும் முழுசாய் எழுதுங்கள். மறுத்த பிறகும் அவள் கதைக்குள் இருக்கட்டும், இது மிக முக்கியம்.

மாறிகளை 'டிஃபோல்ட்' (default) என்றே அறிவியுங்கள். 'டிஃபைன்' (define) மாறாத மதிப்புகளுக்கு. அதில் வைத்த புள்ளிகளை சேவ் கோப்பில் நம்ப முடியாது.

தமிழ் எழுத்து கட்டம் கட்டமாய் வந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை கேம் கோப்புறையில் போட்டு, அமைப்பில் அதன் பெயரைக் கொடுங்கள். பழைய ரென்பையில் 'கொ' சிதறும். புதிய பதிப்புக்கு மாறுங்கள்.