சுருட்டை முடி தோளைத் தாண்டியது இப்படித்தான்

என் சுருட்டை முடி பல வருடம் தோளோடு நின்றது. வளராமல் இல்லை, தலைமுடி மாதம் சுமார் 1 செ.மீ. வளரத்தான் செய்யும். வளர்ந்த அளவுக்கு நுனி உடைந்துகொண்டே இருந்தது. மண்டையில் சுரக்கும் எண்ணெய் சுருளின் வளைவுகளைத் தாண்டி நுனிக்கு எளிதில் இறங்காது. அதனால் வேர்ப்பக்கம் பிசுபிசுப்பு, நுனியோ வைக்கோல்.

முக்கியமாக மாற்றியது சிக்கெடுக்கும் முறையை. காய்ந்த முடியில் இப்போது சீப்பே வைப்பதில்லை. குளிக்கும் முன் நுனிவரை தேங்காய் எண்ணெய். அது முடித்தண்டுக்குள்ளேயே இறங்கி, அலசும்போது புரதம் போவதைக் குறைக்கும். ஷாம்பு மண்டைக்கு மட்டும். பிறகு கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, ஈரத்திலேயே விரலால் சிக்கெடுத்து, அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மெல்ல மேலே போவேன். கண்டிஷனர் தீர்ந்த வாரம் செம்பருத்தி இலையை அரைத்த கொழகொழப்பே போதும். துணியில் கட்டாயம் வடிகட்டுங்கள், துகள் சுருளுக்குள் மாட்டினால் எடுப்பது பெரும்பாடு. துவட்டப் பழைய பருத்தி வேட்டி. இரவில் தளர்வான பின்னல், சாட்டின் தலையணை உறை.

இப்போது ஈரத்தில் இடுப்பைத் தொடுகிறது. காய்ந்தால் சுருங்கிப் பாதி முதுகுக்கு ஏறிவிடும். சுருட்டை முடிக்காரர்கள் நீளத்தை ஈரத்தில்தான் அளந்து பார்க்க வேண்டும்.