பாம்பன் பாலத்தை எட்டடிப் பலகையில் கட்டுவது எப்படி?

பாம்பன் பழைய ரயில் பாலத்தை மாடலாகக் கட்ட நினைப்பவர்கள் பலகை வாங்கும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். பாலத்தின் நீளம் சுமார் 2,065 மீட்டர். மாடல் ரயில்களுக்கான ஹெச்ஓ அளவில், அதாவது 1:87-ல், அது 23.7 மீட்டர். அவ்வளவு நீளத்தை விரிக்க ஒரு கல்யாண மண்டபம் வேண்டும். வீட்டில் நமக்குக் கிடைப்பது ஒரு சுவரும் எட்டடிப் பலகையும்தான்.

எனவே எதையாவது குறைத்தே ஆக வேண்டும். கண்களின், அதாவது தூணுக்கும் தூணுக்கும் இடையிலான பகுதிகளின், எண்ணிக்கையைக் குறையுங்கள். கண்ணின் நீளத்தைக் குறைக்காதீர்கள், கப்பலுக்காகத் திறக்கும் தூக்குப்பாலத்தை ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்காதீர்கள். 145 கண்களுக்குப் பதில் 10 கண் இருந்தால் யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். தூக்குப்பாலம் குட்டையாக இருந்தால் அது பாம்பனே இல்லை.

அளவுகள்

ஒரு கண் 40 அடி, மாடலில் 140 மி.மீ. ஷெர்சர் என்ற வகைத் தூக்குப்பாலம் 225 அடி, மாடலில் 788 மி.மீ. பத்துக் கண்ணும் தூக்குப்பாலமும் சேர்ந்தால் 2,188 மி.மீ. எட்டடிப் பலகை 2,440 மி.மீ. மிச்சத்தைப் பாதியாக்கினால் நிலப்பகுதியிலுள்ள மண்டபம் ஊரின் கரைக்கு 126, ராமேஸ்வரம் தீவிலுள்ள பாம்பன் கரைக்கு 126.

தூக்குப்பாலத்தை நட்டநடுவில் வைக்காதீர்கள். அது பாம்பன் கரைக்குக் கிட்டத்தில் இருப்பது. மண்டபம் பக்கம் 7 கண், பாம்பன் பக்கம் 3 கண் என்று பிரித்தால் ஊர்க்காரர் பார்த்தாலும் குறை சொல்ல மாட்டார்.

எந்தக் காலம் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். 1914-ல் திறந்ததிலிருந்து இது மீட்டர் கேஜ் பாலம். 2007-ல் அகலப் பாதையானது. 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. முதல் முறை செய்பவர்களுக்கு 2007-க்குப் பிந்தைய காலம் நல்லது. டீசல் எஞ்சினும் நீல நிற ஐசிஎஃப் (சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டிகளும் போதும். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதையை அப்படியே பயன்படுத்தலாம். துல்லியமாகப் பார்த்தால் நம் அகலப் பாதை இந்த அளவில் 19.3 மி.மீ. வர வேண்டும். அதற்காகப் பாதையைக் கையால் செய்யப் போனால் பாலம் ஒருநாளும் முடியாது. 16.5-ஐ ஏற்றுக்கொள்ளுங்கள்.

பலகையும் முதுகெலும்பும்

12 மி.மீ. ப்ளைவுட்டில் 8 அடிக்கு 1½ அடி வெட்டி, அடியில் 2×1 அங்குல ரீப்பரால் சட்டம் அடியுங்கள். இரண்டடிக்கு ஒரு குறுக்குக் கட்டை. பிறகு மேல், கீழ், நான்கு விளிம்பு எல்லாவற்றுக்கும் பிரைமர் இரண்டு கோட். மேல்பக்கம் மட்டும் அடித்து விட்டால், ராமநாதபுரம் கடற்கரை ஈரக்காற்றில் அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடித்து உப்பும். பலகை வில்லாக வளையும். அதன்பின் எந்தப் பாதையும் அதில் நேராக நிற்காது.

இந்தப் பலகையே கடல். இரு கரைகளுக்கும் 50 மி.மீ. தெர்மகோல், அதன்மேல் 6 மி.மீ. ப்ளைவுட் துண்டு. பாலத்தைப் பலகையின் நடுவில் போடாமல், பின்விளிம்பிலிருந்து 15 செ.மீ. தள்ளிக் கோடு போடுங்கள். முன்னால் கடலும் படகும் இருக்க இடம் கிடைக்கும். சாலைப் பாலத்திலிருந்து எட்டிப் பார்க்கிற அந்தப் பார்வையும் வரும்.

பாலத்தின் பலம் கர்டரில் (தூண்களுக்கு மேல் கிடக்கும் உத்திரத்தில்) இல்லை; உள்ளே ஒளிந்திருக்கும் அலுமினியக் குழாயில் இருக்கிறது. ஜன்னல் வேலை செய்யும் அலுமினியக் கடையில் 1 அங்குலம் × ½ அங்குலம் செவ்வகக் குழாய் கேளுங்கள். 12 அடி நீளத்தில் வரும். ஒரே துண்டாக வெட்டி, இரு கரைமேலும் 5 செ.மீ. ஏறி உட்காரும்படி படுக்கையாகப் போடுங்கள். கரையில் அது உட்காரப் பள்ளம் செதுக்குங்கள். கர்டர்கள் இரு பக்கமும் அதை மறைத்துவிடும். தூக்குப்பாலத்தின் 788 மி.மீ. இடைவெளியில் நடுவே தூண் கிடையாது. வெறும் சன் போர்டை (பிவிசி நுரைப் பலகையை) நம்பினால் ஒரு மாதத்தில் தொய்ந்து, ரயில் பள்ளத்தில் இறங்கி ஏறும்.

தூண்கள்

சிறியவை 8, தூக்குப்பாலத்தைத் தாங்கும் பெரியவை 2. மூன்று 5 மி.மீ. சன் போர்டுத் துண்டுகளை ஒட்டினால் ஒரு தூண். உயரம் 45 மி.மீ. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி, மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைத்துப் பாருங்கள். ஆடுகிற தூணை உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

சாம்பல் வண்ணம் அடித்து, அடியிலிருந்து 8 மி.மீ. வரை கரும்பச்சை கலந்த பழுப்புப் பட்டை போடுங்கள். இங்கே கடல் ஏறி இறங்குவது குறைவு. பட்டை அதற்குமேல் போனால் பொய்யாகத் தெரியும். பட்டையின் மேல்விளிம்பைக் கோடாக விடாமல், ஈரப் பஞ்சால் ஒற்றி மங்கலாக்குங்கள்.

கர்டர்

மொத்தம் 20. ஒவ்வொன்றும் 138 மி.மீ. நீளம், 13 மி.மீ. உயரம், கண்ணுக்குக் கண் 2 மி.மீ. சந்து தெரிய வேண்டும். 3 மி.மீ. சன் போர்டில் வெட்டி, மேலும் கீழும் 5 மி.மீ. அகல ஐவரி போர்டு (கெட்டி அட்டை) பட்டை ஒட்டுங்கள். முகப்பில் 12 மி.மீ.க்கு ஒன்றாக 1 மி.மீ. செங்குத்துப் பட்டைகள். ஒரு கர்டருக்கு 10 பட்டை, ஆக 200 பட்டை. சலிப்பான வேலைதான். ஆனால் பக்கவாட்டில் விளக்கு வைத்தால் அந்தப் பட்டைகளின் நிழல்தான் அட்டையை இரும்பாகக் காட்டுகிறது. வண்ணம் அலுமினிய வெள்ளி. காய்ந்ததும் பட்டை சேரும் மூலைகளில் மட்டும் நீர்த்த துருப்பழுப்பு.

ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பதானால் பலகையை விட்டுத் தள்ளிப்போய் அடியுங்கள். அதன் துளி பட்டாலே தெர்மகோல் குழிந்து உருகும். ஃபெவிக்விக்கும் தெர்மகோலை அப்படித்தான் தின்னும். தெர்மகோலுக்கு ஃபெவிகால் மட்டும்.

தூக்குப்பாலம்

இரண்டு இறக்கை, ஒவ்வொன்றும் 394 மி.மீ. முதல் மாடலில் மூடிய நிலையிலேயே நிலையாகக் கட்டுங்கள். நிஜத்தில் இறக்கை ஒரே புள்ளியில் சுழல்வதில்லை. அடிப்பகுதியின் வளைவு பின்னோக்கி உருண்டபடி எழும். அதை இயங்கும்படி செய்வது தனி வேலை.

பக்கவாட்டுப் புகைப்படம் ஒன்றை எடுத்து, இறக்கையின் நீளம் சரியாக 394 வரும்வரை பெரிதாக்கி அச்செடுங்கள். மற்ற எல்லா உயரமும் அதிலேயே கிடைத்துவிடும். தூண் பக்கம் உயர்ந்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் தாழ்ந்து வரும் அந்தச் சரிவுதான் இதன் முகம். அச்சின்மேல் ஓஎச்பி தாள் (ஊடே தெரியும் பிளாஸ்டிக் தாள்) போட்டு, 3 மி.மீ. ஐவரி போர்டுப் பட்டைகளை அதன்மேலேயே வைத்து ஒட்டுங்கள். பசை தாளில் பிடிக்காது. நான்கு பக்கச் சட்டங்கள் ஆனதும் குறுக்குப் பட்டைகளால் இணையுங்கள். உள் அகலம் 55 மி.மீ., தண்டவாளத்துக்கு மேல் 70 மி.மீ. குறையக் கூடாது. ஐசிஎஃப் பெட்டியே 37 மி.மீ. அகலம், ஒட்டும் முன் ஒரு பெட்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள்.

பாதை

நிக்கல் சில்வர் வளைபாதை (நேராகவும் வளைத்தும் போடக்கூடிய ஃப்ளெக்ஸ் டிராக்) வாங்குங்கள். எஃகு இந்தக் காற்றில் துருப்பிடிக்கும். பித்தளை கறுத்து மின்சாரம் தடுக்கும். ஒரு நீளம் 914 மி.மீ. மண்டபம் பக்கத்திலிருந்து 136, 914, 914, 476 என்று போட்டால் மூன்று நீளம் போதும். தூக்குப்பாலத்தின்மேல் இணைப்பு ஒன்றுகூட வராது. இணைப்புகளில் இரண்டு விசிட்டிங் கார்டு தடிமன் சந்து விடுங்கள். விடாவிட்டால் சித்திரை வெயிலில் பாதை பக்கவாட்டில் நெளியும். நான்கு துண்டுக்கும் தனித்தனி வயர் ஜோடி சால்டர் செய்து 12 வோல்ட் கன்ட்ரோலரோடு இணையுங்கள். வயரின் திறந்த முனை அலுமினியக் குழாயைத் தொடக் கூடாது. இரு தண்டவாள வயரும் தொட்டால் ஷார்ட்.

பாலத்தின்மேல் ஜல்லி போடாதீர்கள். நிஜத்தில் அங்கே கர்டர்மேல் சிலிப்பர் (தண்டவாளத்தின் அடியிலுள்ள குறுக்குக் கட்டை) மட்டும்தான், ஜல்லி கரையில்தான். பாலத்தில் இரு தண்டவாளத்துக்கும் உள்ளே காவல் தண்டவாளம் உண்டு. அதை 1 மி.மீ. பிளாஸ்டிக் பட்டையில், உள்முகத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி ஒட்டுங்கள். உலோகமாக இருந்தால் சக்கரம் உரசி ஷார்ட் ஆகும்.

ரயில் வந்து போக இரு முனையிலும் 90 செ.மீ. தனிப்பலகை ஒன்று போல்ட்டில் மாட்டுங்கள். அவற்றுக்கு இன்னும் இரண்டு நீளம் பாதை. ஓர் எஞ்சினும் இரண்டு பெட்டியும் அதில் நிற்கும்.

கடல்

மீனவர்கள் பாலத்துக்கு வடக்கே உள்ள பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் (தென்மேற்கு) காற்றுக் காலத்தில் தெற்கே அலை, வாடைக் காலத்தில் வடக்கே அலை. எந்தக் காலம் என்று முடிவெடுத்து, எல்லா அலையையும் ஒரே திசையில் வையுங்கள். திசை கலந்தால் கடல் குளமாகிவிடும்.

முதலில் மணல் நிறம், அதன்மேல் ஆங்காங்கே பாறைக்குக் கரும்பழுப்புத் திட்டுகள், பிறகு நீர்த்த பச்சைநீலம் மூன்று மெல்லிய கோட். ஒரே தடித்த கோட் அடித்தால் நீச்சல்குளம் போலிருக்கும். காய்ந்தபின் டிஷ்யூ பேப்பரைக் கசக்கி விரித்து, பாதிக்குப் பாதி நீர் கலந்த ஃபெவிகாலால் ஒட்டுங்கள். சுருக்கங்கள் அலையாகும். அதன்மேல் மறுபடி நிறம், கடைசியில் பளபள வார்னிஷ் நான்கு கோட். தூணைச் சுற்றி நீரோட்டம் பிளவுபடும் பக்கத்தில் மட்டும் உலர் தூரிகையால் வெள்ளை. எபாக்சி ரெசின் ஊற்றலாம்தான். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஊற்றினால் மேலே வெண்படலம் படியும்.

கரை

கடற்கரை மணலை அள்ளி வந்து ஒட்டாதீர்கள். அதிலுள்ள உப்பு ஈரம் இழுத்துத் தண்டவாளத்தை அரிக்கும். எம்-சாண்ட் தூளை மாவுச் சல்லடையில் சலித்து எடுங்கள். பவளத் துண்டும் வேண்டாம். அதை எடுப்பது வனஉயிர்ச் சட்டப்படி குற்றம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் உடைசல் போதும். பனைமரம் 17 முதல் 20 செ.மீ. உயரம் வரலாம், கரைக்கு மூன்று நான்கு போதும். முன்கடலில் இரண்டு வல்லம். இரண்டின் முகமும் ஒரே பக்கம் இருக்கட்டும், நங்கூரம் போட்ட படகை நீரோட்டம் அப்படித்தான் திருப்பி வைக்கும்.

முதல் ஓட்டத்தில் எஞ்சினை மட்டும் மிக மெதுவாக விடுங்கள். தயங்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து, அங்கே சால்டரையும் இணைப்பையும் பாருங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும் முன்பும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தண்டவாளத் தலையைத் துடையுங்கள். ஓட்டாத நாட்களில் பருத்தித் துணி போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும்.