மரம் நட்ட இடத்தில் மண்ணுயிர் திரும்பிவிட்டதா? வேட்டித் துணியை வைத்தே பார்க்கலாம்

பொட்டலில் கன்று நட்டு நாலைந்து வருடம் போனால் மேலே பச்சை தெரியும். மண்ணுக்குள் நுண்ணுயிர்கள் வந்தனவா என்பது தனிக் கேள்வி. உதிரும் இலையும் வேர் கசியவிடும் சர்க்கரையும் அவற்றுக்குச் செடி போடும் தீனி. அதைத் தின்ன யார் வந்து தங்க முடியும் என்பதோ மண்ணின் பிஎச் (அமில, கார அளவு), ஈரம், காற்றோட்டத்தைப் பொறுத்தது.

புதுச்சேரி அருகே ஆரோவில் 1968-ல் மழை அரித்துப்போட்ட செம்மண் மேடு. அங்கே ஆஸ்திரேலிய அகேசியா போன்ற மரங்களை முதலில் வளர்த்தார்கள். அவற்றின் வேரில் பாக்டீரியா தங்கும் முடிச்சுகள் நைட்ரஜனைச் சேர்த்தன, சருகு மண்ணை மூடியது. உள்ளூர் மரங்கள் அந்த நிழலில்தான் எழுந்தன. உங்கள் நிலம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்போம்.

படி 1: இடம். மரத்தடி, புல்தரை, வெறும் பொட்டல் என மூன்று இடம். மூன்றும் ஒரே வகை மண்ணாக, ஒரே மட்டத்தில் இருக்கட்டும். வாய்க்கால் ஓரத்து மரத்தையும் மேட்டுப் பொட்டலையும் ஒப்பிட்டால் தெரிவது தண்ணீரின் வேலைதான்.

படி 2: பிஎச். 20 கிராம் மண்ணை 50 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கலக்கி, அரை மணி நேரம் கழித்து பிஎச் தாளை நனையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் விடாதீர்கள். நோவா ஃபியரரும் ராபர்ட் ஜாக்சனும் வட, தென் அமெரிக்க மண் மாதிரிகளை வைத்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பாக்டீரியா வகைகளின் பெருக்கத்தோடு நெருங்கிப் பொருந்தியது வெப்பமோ மழையோ அல்ல, பிஎச்தான். நடுநிலை மண்ணில் வகைகள் அதிகம், அமில மண்ணில் குறைவு.

படி 3: துணி. பழைய பருத்தி வேட்டி போதும். பாலியஸ்டர் கலந்திருந்தால் மக்காது; ஒரு நூலைக் கொளுத்துங்கள், உருகி உருண்டையானால் வேண்டாம். கஞ்சியும் கூடாது, அதுவே நுண்ணுயிருக்கு விருந்தாகிவிடும். ஒரே அளவாக வெட்டி, எடை போட்டு, நாலு விரல் ஆழத்தில் புதைத்து அடையாளம் வையுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு புதைப்பது நல்லது. சித்திரையில் காய்ந்த மண்ணில் எதுவும் நடக்காது.

படி 4: எடுத்துப் பார்ப்பது. இரண்டு மாதம் கழித்து எடுத்து, மண்ணை உதறி, காயவைத்து எடை போடுங்கள். குறைந்த எடை நுண்ணுயிர்கள் தின்றது. மண் பூச்சோடு அரித்த ஓட்டைகள் இருந்தால் அது கறையான், கணக்கில் சேர்க்காதீர்கள். கறுத்து நாறினால் அங்கே நீர் தேங்கிக் காற்று போகவில்லை. எந்தெந்த வகை உயிர்கள் என்று துணி சொல்லாது. அதற்கு ஆய்வகத்தில் டிஎன்ஏ சோதனைதான் வழி.

படி 5: மூன்று தொட்டி. எனக்குப் பிடித்த படி இதுதான். மூன்றிலும் பொட்டல் மண். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் மரத்தடி மண் இரண்டு கைப்பிடி. மூன்றாவதிலும் அதே அளவு, ஆனால் இட்லிப் பானையில் ஒரு மணி நேரம் ஆவியில் வேகவைத்து ஆறிய மண். அதில் சத்து இருக்கும், உயிர் பெரும்பாலும் செத்திருக்கும். மூன்றிலும் தட்டைப்பயறு விதையுங்கள். பூக்கும் சமயத்தில் பிடுங்கி வேர் முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது நைட்ரஜனைப் பிடிக்கிறது.

இரண்டாவது தொட்டி மட்டும் செழித்தால் குறைவது நுண்ணுயிர்: அடுத்த கன்று நடும்போது குழியில் மரத்தடி மண் ஒரு கைப்பிடி போடுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மாதிரி, முதலாவதை விட நன்றாக வளர்ந்தால் சத்துக் குறைவு. தொழுவுரமும் மூடாக்கும் போடலாம். மூன்றுமே தேறவில்லையா? சரி, நடுவதை நிறுத்திவிட்டு, உப்பும் பிஎச்சும் பார்க்க மண் பரிசோதனை நிலையத்துக்கு மாதிரி அனுப்புங்கள்.