டட்சன் பிக்கப்புக்கு விட்ஸ் சீட் போடப் போறீங்களா? ட்ரில்லைக் கொஞ்சம் கீழ வைங்க

போன கிழமை திருகோணமலை உப்புவெளிப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் அவன்ட அப்பா பாவிச்ச டட்சன் 620 பிக்கப்பைக் கொண்டந்து எங்கட வாசல்ல நிப்பாட்டினான். பழைய ஸ்ரீ நம்பர் வண்டி, பொடி நல்லாத்தான் கிடக்கு. உள்ளுக்கு டொயோட்டா விட்ஸ் கார்ச் சீட் ரெண்டு, ரீகண்டிஷன். "அண்ண, ஏறி இருந்து பாருங்க" எண்டான். ஏறினன், மண்டை கூரையில டங் எண்டு அடிச்சுது. அவன் சிரிச்சான், எனக்குச் சிரிப்பு வரல்ல, ஏன் எண்டா இதே மாதிரி வண்டியில இதே சீட்டில இதே அடியை எட்டு வருசத்துக்கு முன்னால வாங்கினவன் நான்.

அதனாலதான் எழுதுறன். சீட் கதவால உள்ள போகுமா எண்டு அளந்து பாருங்க மாதிரி விசயம் ஒண்டும் இதில இல்ல, அது தெரியாத ஆள் இந்த வேலையில கை வைக்க மாட்டான்.

அகலத்தை அளந்துட்டு உயரத்தை மறக்கிறது

டேப்பைக் கையில எடுத்தா எல்லாரும் அளக்கிறது அகலம்தான். கதவுக்குக் கதவு எவ்வளவு, நடுவில கியர் லீவருக்கு எவ்வளவு இடம், அவ்வளவுதான். நானும் அப்பிடித்தான் செய்தன். கொழும்பு பஞ்சிகாவத்தையில ஒரு கடையில சோடியா எடுத்து, தெரிஞ்ச லொறி ஒண்டில ஹபரணை கந்தளாயால இஞ்ச இறக்கி, ஞாயிற்றுக்கிழமை காலமை தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னுக்கு எட்டு ஓட்டை போட்டு இறுக்கிட்டன். அகலம் அச்சொட்டா வந்துட்டு. கடைக்காரர் "எந்த வண்டிக்கும் போகும்" எண்டவர். சீட் போச்சுத்தான், நான்தான் போகல்ல.

விசயம் இதுதான். 620 வந்தது 1972க்கும் 1979க்கும் இடையில. அந்தக் காலத்துப் பெஞ்ச் சீட் எண்டா ஒரு கம்பிக் கூடு, அதுக்கு மேல ஸ்பிரிங், கொஞ்சம் பஞ்சு. நீங்க இருந்த உடன அது அமுங்கி உங்களைக் கீழ இறக்கிடும். புதுக் கார் சீட் அப்பிடி இல்ல. காலே உயரம், அதுக்கு மேல சீட்டை முன்னுக்குப் பின்னுக்குத் தள்ளுற ஸ்லைடர் ரெயில், சிலதில உயரம் கூட்டுற லீவர், அதுக்கும் மேல லேசில அமுங்காத தடிச்ச ஃபோம். அது பிறந்த காரில தரையும் கூரையும் அதுக்கெண்டே அமைஞ்சது. அதைக் கழட்டி எங்கட தகரத் தரையில வச்சா ஆள் ஒரு சாண் மேல போயிடுவான்.

மண்டை இடிக்கிறது சின்னப் பிரச்சினை, தலையைச் சரிச்சுக் கொண்டு ஓடலாம், நான் மூண்டு நாள் அப்பிடித்தான் ஓடினன். பெரிய பிரச்சினை காலில. இந்த வண்டிகளில பவர் ஸ்டியரிங் இல்ல, அதால வீல் பெரிசு. சீட் உயர்ந்தா தொடை வீலுக்குக் கீழ செருகிக் கொள்ளும். உவர்மலை ஏத்தத்தில திருப்பிக் கொண்டே ரெண்டாம் கியர் மாத்தக் கிளச்சை மிதிச்சன், விடேக்க முழங்கால் வீல்ல கொழுவி, வண்டி நிண்டு, பின்னால வந்த ஓட்டோக்காரர் சொன்னதை இஞ்ச எழுதேலாது. கண்ணும் கண்ணாடியிட மேல் விளிம்புக்குப் போயிடும், முன்னால போறவன்ட டயர் தெரியும் ஆனா சந்தியில மேல இருக்கிற சிக்னல் லைட் தெரியாது.

கழட்டினன். இப்ப தரையில எட்டு ஓட்டை. பேந்து பாப்பம் எண்டு சிலிக்கோனைப் பூசி விட்டன், இதை நினைச்சா இப்பவும் எனக்கு விசர் வரும், ஏன் எண்டா அது கார்த்திகை மாசம், வாடை மழை தொடங்கிட்டு, நாங்க இருக்கிறது கடலுக்குப் பக்கத்தில. தை மாசம் மெட்டைத் தூக்கிப் பார்த்தா ஓட்டையைச் சுத்தி வட்டம் வட்டமாக் கறள், விரலால அமத்தினா உதிருது. தகரம் வெட்டி வெல்டிங் பாஸுக்குக் குடுத்த காசு சீட்டிட விலையைத் தாண்டிட்டு.

செய்ய வேண்டியது அரை மணித்தியால வேலை. பழைய சீட்டைக் கழட்ட முன்னுக்கு அதில வழமை மாதிரி இருங்க, வெளியால நிக்கிற ஆளுக்குச் சொல்லி உங்கட கண்ணுக்கு நேர கதவுக் கண்ணாடியில ஒரு துண்டு டேப் ஒட்டுங்க. பிறகு புது சீட்டை போல்ட் இல்லாமச் சும்மா தரையில வைங்க. செருப்போட ஏறி, கதவைச் சாத்தி, பத்து நிமிசம் இருங்க. கிளச்சை அடிமட்டும் மிதிங்க, வீலை முழுசாத் திருப்புங்க, ரெண்டாம் நாலாம் கியர் போடுங்க, லீவர் பின்னால வந்து சீட்டில முட்டுதா பாருங்க. கண் டேப்புக்குக் கீழ நிண்டா கீழ பலகைத் துண்டுகளை வச்சு வச்சு உயர்த்துங்க, அந்தப் பலகையிட மொத்தத் தடிப்புத்தான் சீட்டுக்கும் தரைக்கும் நடுவில நீங்க போடப்போற பிராக்கெட்டிட உயரம். பலகையே இல்லாமக் கண் டேப்புக்கு மேல நிண்டா அந்த சீட் உங்களுக்கில்ல. குடுத்திடுங்க. ஃபோமை வெட்டிச் சரிக்கட்டலாம் எண்டு யாரும் சொன்னா கேக்காதீங்க, அதையும் நான் செய்து பார்த்துக் கம்பியில இருந்தவன். கடைசியாச் சின்ன வான் ஒண்டிட சீட்தான் எனக்குச் சரி வந்தது, குஷன் மெல்லிசு, நிமிர்ந்து இருக்கிற அமைப்பு.

நாலு காலும் ஒரே மட்டம் எண்டு நினைக்கிறது

புதுச் சீட்டிட கால்கள் ஒரே மட்டத்தில இருக்கிறது குறைவு. கார் தரையில முன்னால குறுக்கு மேடு, உள்பக்கம் காரிட நடுவால ஓடுற டனல் மேடு, அதுக்கேத்த மாதிரி ஒவ்வொரு காலும் ஒவ்வொரு உயரம். நீங்க மட்டமான இரும்புச் சட்டத்தில வச்சு இறுக்கினா ரெயில் முறுகிடும், பிறகு சீட் அரைவாசித் தூரம் போய்ச் சிக்கி நிக்கும். ரெயில் பிழை எண்டு கிரீஸ் பூசுவீங்க. கிரீஸ்ல சரிவராது. போல்டை இளக்கினா ஓடும், இறுக்கினா சிக்கும் எண்டா முறுக்கம்தான்.

வாஷரை நம்புறது

பழைய தரைத் தகரம் மெல்லிசு, இஞ்சத்த உப்புக் காத்துக்கு அரைவாசி தின்னுப்பட்டிருக்கும். முதல் ஸ்க்ரூ ட்ரைவரால குத்திப் பாருங்க. நல்ல தகரம் எண்டாலும் வாஷர் மட்டும் காணாது, கீழ்ப்பக்கம் உள்ளங்கை அளவு, 3 மில்லிமீட்டர் தடிப்புப் பிளேட் குடுத்து, தலையில 8.8 எண்டு அடிச்ச பலமான போல்ட் போடுங்க. புதுச் சீட்டில அநேகமா பெல்ட் பக்கிள் சீட்டோடயே வரும், அப்ப பிரேக் அடிக்கிற நேரம் உங்கட உடம்புப் பாரத்தில பெரும்பங்கு இழுக்கிறது அந்த நாலு போல்டைத்தான்.

மஞ்சள் கனெக்டர்

சீட்டுக்குக் கீழ மஞ்சள் கனெக்டர் தொங்கினா அது எயார்பேக் இல்லாட்டி பெல்டை இறுக்குற வெடி. மல்டிமீட்டர் வச்சுப் பார்க்கிற வேலை வேண்டாம், வெடிச்சிடலாம்.

கீழ பார்க்காம ட்ரில் பண்ணுறது

பிரேக் பைப், வயர். பழைய லாண்ட் ரோவர் சீரீஸ் ஜீப் எண்டா கனக்கதில சீட்டுக்குக் கீழயே பெற்றோல் டேங்க்.

செல்ஃப் டப்பிங் ஸ்க்ரூ (தானே மரை வெட்டிக் கொண்டு இறங்குறது)

வேண்டாம்.

பழைய சீட்டைக் குடுத்துத் தொலைக்கிறது

தம்பியிட வண்டிக்குப் பலகை வச்சுப் பார்க்கத் தேவையே வரல்ல, வெறும் தரையில வச்சே கண் ஆறு விரல் மேல நிண்டுது. பழைய பெஞ்ச் சீட் எங்க எண்டு கேட்டன். நல்ல காலம், விக்கல்ல. வீட்டு விறாந்தையில கிடக்குதாம், பின்னேரத்தில அம்மா அதில இருந்துதான் பேப்பர் வாசிக்கிறாவாம். குஷன் பாஸிட்டக் குடுத்துப் புதுசா அடிச்சு எடுக்கலாம் எண்டன். "அது சரி அண்ண, அம்மாட்ட ஆர் கேக்கிறது" எண்டான்.