ஐசியின் பின் ‘ஹை’ ஆகவில்லையா? ஐசியை மாற்றும் முன் இரண்டு ரெசிஸ்டர் வைத்துப் பாருங்கள்

செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீள்பவை. மோட்டார் பின்கட்டில் இருக்கும். தொட்டி நிறைந்ததா என்று பார்க்கும் விளக்கு முகப்பில் வேண்டும். அப்படி ஒரு வீட்டுக்கு மைக்ரோகன்ட்ரோலரில் (புரோகிராம் ஏற்றக்கூடிய ஐசி) தொட்டிக் கட்டுப்பாடு செய்கிறீர்கள். அதன் ஒரு பின்னை (காலை) ஹை, அதாவது சப்ளை வோல்டேஜுக்கு, ஆக்கப் புரோகிராமில் 1 எழுதியாகிவிட்டது, அதில் கட்டிய ரிலே (மின்காந்த சுவிட்ச்) அசையவில்லை. உடனே ஐசி போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். மல்டிமீட்டரும் 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களும் போதும்.

பின்னில் கட்டிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அதை ஹையிலேயே நிறுத்தும் சின்ன புரோகிராமை ஏற்றுங்கள். மினுக்கும் புரோகிராம் வேண்டாம், மீட்டர் சராசரியைக் காட்டிக் குழப்பும். பிரெட்போர்டு துளையில் அளக்காமல் ஐசியின் காலிலேயே அளங்கள்.

0 வோல்ட் காட்டினால், 10 கிலோ ஓமைப் பின்னுக்கும் சப்ளைக்கும் நடுவே வையுங்கள் (3.3 வோல்ட் போர்டு என்றால் 3.3-க்குத்தான்). அப்போதும் 0 என்றால் ஏதோ ஒன்று பின்னைக் கீழே இழுக்கிறது: சால்டர் ஒட்டியிருக்கலாம், புரோகிராமில் வேறொரு வரி 0 எழுதலாம், பின் கெட்டே போயிருக்கலாம். 5 வோல்ட்டுக்கு ஏறினால் புரோகிராமை 0-க்கு மாற்றிப் பாருங்கள். இறங்கினால் அது ஓப்பன் டிரெய்ன் பின்; அதற்குக் கீழே இழுக்க மட்டுமே தெரியும், மேலே தள்ளத் தெரியாது. 8051 வகை மைக்ரோகன்ட்ரோலரின் போர்ட் 0 (போர்ட் என்பது எட்டுப் பின்களின் தொகுதி; ஏடி89எஸ்52 ஐசியில் இது 32 முதல் 39 வரையுள்ள கால்கள்), பிஐசி16எஃப்877ஏ ஐசியின் ஆர்ஏ4 பின் இரண்டும் இந்த வகை. அந்த 10 கிலோ ஓமை அப்படியே விட்டுவிடுங்கள், அதுதான் தீர்வு. இறங்காமல் 5-லேயே நின்றால் பின் இன்னும் அவுட்புட் ஆகவில்லை, அல்லது வேறு வேலை அதைப் பிடித்திருக்கிறது. ஏடிமெகா32 ஐசியில் ஜேடேக் (சோதனை இணைப்பு) அமைப்பு ஆனில் இருந்தால் பிசி2 முதல் பிசி5 வரையுள்ள பின்கள் இப்படி அடம்பிடிக்கும். இஎஸ்பி32-இல் 34 முதல் 39 வரையுள்ள பின்கள் இன்புட்டுக்கு மட்டும். அவற்றோடு போராட வேண்டாம்.

லோடு இல்லாதபோது 5 வோல்ட் காட்டுவதுதான் பலரையும் ஏமாற்றுகிறது. 1 கிலோ ஓமைப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வைத்து மறுபடி அளங்கள். நல்ல அவுட்புட் என்றால் 4.5-க்கு மேலேயே நிற்கும். அரை வோல்ட்டுக்கும் கீழே விழுந்தால் அங்கே இருப்பது உள் புல்-அப் (பின்னைச் சப்ளை பக்கம் லேசாக இழுக்கும் உள் ரெசிஸ்டர்) மட்டும். அர்டுயினோவில் பின்னை அவுட்புட் ஆக்கும் பின்மோடு வரியை எழுத மறந்தால் இதுதான் நடக்கும்: எல்இடி மங்கலாக எரியும்.

8051-இல் போர்ட் 1, 2, 3 பிறவியிலேயே இப்படித்தான். வெறும் 60 மைக்ரோஆம்பியர் எடுத்தாலே 2.4 வோல்ட் வரை இறங்கலாம் என்று அதன் டேட்டாஷீட்டே சொல்கிறது. ஆனால் கீழே இழுக்கும்போது ஒரு பின் 10 மில்லிஆம்பியர் வரை தாங்கும் (போர்ட் 0 மொத்தம் 26, மற்றவை ஒவ்வொன்றும் 15). அதனால் பின்னில் 0 வந்தால் ரிலே ஓடும்படி சர்க்யூட்டைத் திருப்பிப் போடுங்கள். பிசி557 என்ற பிஎன்பி டிரான்சிஸ்டரின் எமிட்டர் 5 வோல்ட்டில், பேஸ் 2.2 கிலோ ஓம் வழியாகப் பின்னில், கலெக்டரில் 5 வோல்ட் ரிலே, ரிலேயின் மறுமுனை கிரவுண்டில். ரிலேயின் காயில் மேல் 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு கலெக்டர் பக்கம். 70 ஓம் காயிலுக்குச் சுமார் 70 மில்லிஆம்பியர் வேண்டும். எந்தப் பின்னும் அதை நேராகக் கொடுக்காது, கொடுக்கவும் விடக்கூடாது.

திருப்பிப் போடுவதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ரீசெட் ஆனதும் 8051-இன் எல்லாப் போர்ட்டும் 1-இல்தான் எழும். 1 வந்தால் ஓடும்படி கட்டியிருந்தால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் மோட்டார் ஒரு கணம் உதறும். 0-க்கு ஓடும்படி கட்டினால் அந்தத் தொல்லை இல்லை. மோட்டாரை இந்தச் சின்ன ரிலேயில் நேராகக் கட்டாமல் கான்டாக்டர் (மோட்டாருக்கான பெரிய மின்காந்த சுவிட்ச்) காயிலை மட்டும் அதில் கொடுங்கள்.

முகப்புக்குப் போகும் நீள வயரைப் பின்னில் தொடவே விடாதீர்கள். மோட்டார் லைனோடு சேர்ந்து ஓடும் வயரில் ஸ்டார்ட்டர் விழும்போதெல்லாம் வோல்டேஜ் துள்ளும். நன்றாக இருந்த பின் திடீரென்று சாவதற்கு அது போதும். எல்இடிக்கும் தனியாக ஒரு பிசி557 போட்டு, பேஸில் 4.7 கிலோ ஓம் வையுங்கள். கலெக்டரிலிருந்து 330 ஓமை வயருக்கு முன்னால், போர்டிலேயே சால்டர் செய்யுங்கள். வழியில் வயர் ஷார்ட் ஆனாலும் 15 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடாது.