பாரிஸ் அருங்காட்சியகங்களை இலவசமாகப் பார்த்த வழி

பாரிஸுக்குப் படிக்க வந்த புதிதில், லூவ்ர், ஓர்சே என்று ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் வாங்கினால் சாப்பாட்டுக் காசே கரைந்துவிடும் போலிருந்தது. கூடப் படிக்கும் அக்கா ஒருவர்தான் வழி சொன்னார்: 26 வயது ஆகாதவர்களுக்கு, ஐரோப்பியக் குடியுரிமை இல்லாவிட்டாலும் நீண்டகால மாணவர் விசா இருந்தால் இரண்டு இடத்திலும் இலவசம். கல்லூரி அட்டை மட்டும் போதாது, வயதும் வசிப்பிடமும் தெரிய வேண்டும் என்பதால் விசா ஒட்டிய பாஸ்போர்ட்டையே எடுத்துப் போகிறேன். லூவ்ருக்கு இலவசம் என்றாலும் இணையத்தில் நேரம் பதிந்துவிடுங்கள். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேக்குத் திங்கள். எனக்குப் பிடித்தது ஓர்சேயின் வியாழன் மாலைதான், இரவு 9.45 வரை திறந்திருக்கும், வகுப்பு முடிந்து போய் வான்கோ ஓவியங்கள் முன்னால் அவசரமில்லாமல் நிற்கலாம், பார்த்து முடியவில்லை என்றால் அடுத்த வாரமும் போகலாம்.