வேதபாடக் குழுவில் எல்லோரையும் பேச வைத்த முறை

வேதாகமத்தை (பைபிளை) சேர்ந்து படிக்கும் எங்கள் வேதபாடக் குழுவில் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அவர் வராத வாரம் கூட்டமே கிடையாது. ஆள் சேர்த்தால் சரியாகிவிடும் என்றார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நடத்தும் முறையை மாற்றினோம்.

இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தை எடுத்தோம். 16 அதிகாரம்தான், சம்பவங்கள் வேகமாக நகரும். பகுதியை இரண்டு முறை வாசித்ததும், ஒருவர் வேதாகமத்தை மூடிவிட்டுச் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். விட்டுப்போனதை மற்றவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். நடக்க முடியாத திமிர்வாதக்காரனைச் சிலர் தூக்கிவந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய பகுதி (2:1-12) வந்தபோது, வாயே திறக்காத ஒரு அக்கா, "இயேசு தூக்கிட்டு வந்தவங்க விசுவாசத்தையும்தானே பார்த்தார்?" என்றார். அன்று பேச்சு ஓயவே இல்லை.

கடைசியில், இந்த வாரம் என்ன செய்யப்போகிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். "இன்னும் ஜெபிப்பேன்" என்றால் விடமாட்டோம், யாருக்காக, எப்போது? அடுத்த வாரம் அதை விசாரிப்பதும் உண்டு. சிலருக்கு இது பிடிக்காது.

நடத்துபவர் வாராவாரம் மாறுவார். என்னிடம் கேட்டதை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கக்கூடியவர்களிடம் ஒப்படை என்று பவுல் தன் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதிய 2 தீமோத்தேயு 2:2-இல் பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், மற்றவர்கள் என நாலு தலைமுறை இருக்கிறதே! அந்த அக்கா இப்போது தன் வீட்டிலேயே தனிக் குழு நடத்துகிறார். நாங்கள் அங்கே போவதில்லை. போனால், தாங்கள் பேசாமல், பதில் சொல்வோம் என்று எங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.